குழிக்குக் காசா, கன்றுக்குக் காசா?



இந்த மாதப் பாடம் ஒப்பந்தம் பற்றியது. ஒப்பந்தம் என்றதும் வங்கிக் கடன் பத்திரம்தான் நமக்கு நினைவு வரும். இது வேறு. கன்று நடுவது, ஏரி தூர் வாருவது, ஓடையில் தடுப்பணை கட்டுவது, சீமைக்கருவேல் எடுப்பது போன்ற வேலைகளை அரசுத் துறையோ பஞ்சாயத்தோ தொண்டு நிறுவனமோ நம் குழுவிடம் கொடுக்கும்போது ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள் அல்லவா? அந்தக் காகிதத்தைப் பற்றித்தான் பேசப் போகிறோம். அதில் "எதற்குப் பணம்" என்று ஒரு வரி இருக்கும். நாம் நோட்டைப் புரட்டி, ஊக்குநரும் பிரதிநிதியும் எங்கே கையெழுத்துப் போடணும் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போட்டுவிடுகிறோம். அந்த வரியைப் படிப்பதில்லை.

மழைக்காலம் வந்தால் ஊர் ஊராக மரம் நடுவிழா நடக்கிறது. பந்தல், மைக், போட்டோ எல்லாம் உண்டு. ஏரிக்கரையிலும் பள்ளிக்கூடத்து ஓரத்திலும் வேம்பு, புங்கன், புளி என்று வரிசையாகக் கன்று வைக்கிறோம். சித்திரை வெயிலில் போய்ப் பார்த்தால் குச்சிதான் நிற்கிறது. மறு வருடம் அதே இடத்தில், சில ஊரில் அதே குழியில், மறுபடியும் கன்று வைக்கிறோம். "போன வருஷம் வச்சது என்னாச்சு?" என்று கேட்டால், "ஆடு தின்னுடுச்சு, தண்ணி ஊத்த ஆளில்ல" என்று பதில் வருகிறது.

ஆட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. பில் எப்படிப் போட்டார்கள் என்று பாருங்கள். குழி எடுக்க இவ்வளவு, கன்று வாங்க இவ்வளவு, நட இவ்வளவு. நட்ட அன்றோடு பில் முடிந்தது. தண்ணீர் ஊற்றுவதற்கும் முள் அடைப்பதற்கும் அதில் காசு இல்லை. காசு இல்லாத வேலையை யாரும் செய்யவில்லை. இதில் அதிசயம் ஒன்றுமில்லை.

இதற்கு மாற்றாக வந்ததுதான் செயல்திறன் ஒப்பந்தம். வேலையின் பலனைப் பார்த்துப் பணம் கொடுப்பது. எத்தனை கன்று நட்டாய் என்று கேட்பதற்குப் பதிலாக, ஒரு வருடம் கழித்து எத்தனை உயிரோடு நிற்கிறது என்று கேட்பது. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் கையெழுத்துப் போடும் பெண்களின் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் வேறு சில விஷயங்களும் தெரிகின்றன.

அளக்கிற வேலையும் அளக்காத வேலையும்

இதற்கு நமக்கே அனுபவம் உண்டு. நூறு நாள் வேலை 2006-ல் கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை, நாகப்பட்டினம், திண்டுக்கல், சிவகங்கை ஆகிய ஆறு மாவட்டங்களில் முதலில் தொடங்கியது. பிறகு எல்லா மாவட்டத்துக்கும் வந்தது. ஏரி குளம் தூர் வாரும்போது மண்ணை அளந்து கூலி போட்டார்கள். நீளம், அகலம், ஆழம். அளவு குறைந்தால் கூலி குறையும். அதனால் எல்லாரும் அளக்கிற இடத்தில் வெட்டினோம். ஏரிக்குத் தண்ணீர் கொண்டு வருகிற வரத்துக் கால்வாயில் கோரையும் கருவேலும் மண்டிக் கிடந்தால், அதைத் தனி வேலையாக எஸ்டிமேட்டில் எழுதாத ஊரில் அது அப்படியே கிடந்தது. ஏரி ஆழமாச்சு, தண்ணீர் வரவில்லை. வேலை செய்தவர் மேலும் தப்பில்லை, அளந்தவர் மேலும் தப்பில்லை. அளக்க வேண்டியதைக் காகிதத்தில் எழுதாமல் விட்டதுதான் தப்பு.

எதை எண்ணுகிறார்களோ அதற்கே கை போகும். இதை மனதில் வைத்துக்கொண்டு, பீகாரில் நடந்ததைப் பார்ப்போம்.

பீகாரில் நாலு குடும்பத்துக்கு இருநூறு கன்று

2009 ஆகஸ்ட் 30 அன்று வட பீகாரில், முசாபர்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட திர்ஹுத் கோட்டத்தில், ஏழாயிரத்து ஐநூறுக்கும் மேற்பட்ட கிராமங்களில் லட்சக்கணக்கான மக்கள் சேர்ந்து ஒரே நாளில் சுமார் 96 லட்சம் கன்றுகள் நட்டார்கள். அப்போது அங்கே கோட்ட ஆணையராக இருந்தவர் எஸ்.எம்.ராஜு.  ஒரு நாள் திருவிழாவாக மட்டும் அது முடிந்திருந்தால் நான் இங்கே எழுதியிருக்க மாட்டேன். அவர் அதை வேலை உறுதித் திட்டத்தோடு இணைத்தார்.

நான்கு குடும்பங்களை ஒரு குழுவாக்கி, அவர்களிடம் 200 கன்றுகளை ஒப்படைத்தார்கள். மூன்று வருடம் பார்த்துக்கொள்ள வேண்டும். 90 சதவீதம் பிழைத்திருந்தால் முழுக் கூலி. 75 முதல் 80 சதவீதம் என்றால் பாதிக் கூலி. 75-க்கும் கீழே போனால் அந்தக் குடும்பங்களை எடுத்துவிட்டு வேறு குடும்பங்களைப் போடுவார்கள்.

இருநூறில் கணக்குப் பாருங்கள். இருபது கன்று வரை செத்தால் பரவாயில்லை, முழுக் கூலி உண்டு. ஐம்பதுக்கு மேல் செத்தால் வேலையே போய்விடும்.

இதில் பாராட்ட நிறைய இருக்கிறது. நட்ட அன்றோடு முடிகிற வேலையை மூன்று வருட வேலை ஆக்கினார்கள். தண்ணீர் ஊற்றுவதும் காவல் இருப்பதும் கூலியுள்ள வேலை ஆயிற்று. வயதானவர்களும் செய்யக்கூடிய வேலை. வீட்டுப் பக்கத்திலேயே வேலை. வெளியூருக்குப் பிழைக்கப் போகும் குடும்பங்கள் நிறைந்த பகுதிக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் எனக்கு ஒரு நெருடல் உண்டு. அது பாக்மதி, புர்ஹி கண்டக் போன்ற ஆறுகளில் அடிக்கடி வெள்ளம் வருகிற பூமி. வெள்ளத்தில் கன்று மூழ்கி அழுகினால் அது யார் குற்றம்? மூன்று மாதம் தலையில் குடம் சுமந்து தண்ணீர் ஊற்றிய பெண்ணுக்கு, நான்காம் மாதம் வந்த வெள்ளத்துக்காகப் பாதிக் கூலி என்றால், அந்த உழைப்பு என்ன ஆவது? செய்த நாள் வேலைக்குக் கூலி என்பது ஒன்று. கன்று பிழைத்ததற்குக் கூடுதல் பணம் என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே முடிச்சில் போட்டுக் கட்டினால், வானத்தின் குற்றத்துக்கும் ஏழைப் பெண் அபராதம் கட்டுகிறாள் என்பது என் கருத்து. நீங்கள் வேறு விதமாக நினைத்தால் குழுவில் பேசுங்கள்.

கென்யாவில் பெண்கள் செய்தது

கன்று பிழைத்ததற்குப் பணம் என்ற யோசனை பீகாரில் பிறந்ததல்ல. அதற்கு முப்பது வருடம் முன்பே ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டில் கிராமத்துப் பெண்கள் அதைச் செய்திருக்கிறார்கள். அவர்களை ஒன்று சேர்த்தவர் வங்காரி மாத்தாய். 2004-ல் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கினார். 2011-ல் காலமானார்.

விறகுக்குப் பல மைல் நடக்கிறோம், ஓடை வற்றிவிட்டது, பிள்ளைகளுக்குச் சத்தான சாப்பாடு இல்லை என்று பெண்கள் சொன்னதைக் கேட்டு, "அப்படியானால் மரம் நடலாமே" என்றார் வங்காரி. 1977 ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று நைரோபி நகரத்தின் கமுகுஞ்சி பூங்காவில் ஏழு மரக்கன்றுகள் நட்டார்கள். பெரிய ஊர்வலம், பெரிய மனிதர்கள் எல்லாம் வந்தார்கள். அந்த ஏழில் இரண்டுதான் நிலைத்து நின்றன. நம் ஊர் நடுவிழா மாதிரியேதான்! ஆனால் அவர் அதோடு விடவில்லை.

முதலில் வனத்துறையிடம் கன்று கேட்டார். நாட்டில் ஒன்றரைக் கோடி ஜனம், ஆளுக்கு ஒன்றாக ஒன்றரைக் கோடி கன்று வேண்டும் என்றார். அந்த அதிகாரி சிரித்துக்கொண்டே, எத்தனை வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள் என்றாராம். ஒரு வருடத்துக்குள் பெண்கள் கேட்ட வேகத்துக்குக் கொடுக்க முடியாமல், இனி காசு கொடுத்து வாங்கு என்று சொல்லிவிட்டார்கள். தூரத்து நாற்றங்காலிலிருந்து கொண்டு வரும் கன்று வழியிலேயே வாடியது. அதனால் பெண்களே தங்கள் ஊரில் நாற்றங்கால் போட்டார்கள். வனத்துறைக்காரர்கள் வந்து படிப்புப் படிப்பாகச் சொல்லிக் கொடுத்தது அவர்களுக்கு விளங்கவில்லை. விதை போட்டு முளைக்க வைப்பது விவசாயம் செய்கிற பெண்ணுக்குத் தெரியாதா என்ன? உள்ளூர் மரத்து விதையைப் பொறுக்கி, உடைந்த பானையில் மண் போட்டு முளைக்க வைத்தார்கள். டிப்ளமா இல்லாத வனவர்கள் என்று அந்தப் பெண்களை வங்காரி பெருமையாகச் சொல்வார்.

பணம் எப்படிக் கொடுத்தார்கள் என்பதுதான் நம் பாடத்துக்கு வேண்டியது. நாற்றங்காலில் வளர்த்த கன்று, வெளியே கொண்டு போய் நடப்பட்டு, சில மாதம் கழித்தும் உயிரோடு இருந்தால் அதற்கு ஒரு சிறு தொகை. ஆரம்பத்தில் கன்றுக்குச் சுமார் 4 அமெரிக்க சென்ட். மிகச் சின்னக் காசுதான். ஆனால் கையில் பணமே பார்க்காத பெண்களுக்கு அது சொந்தச் சம்பாத்தியம். நட்டவர் எத்தனை, எங்கே என்று குழு எழுதி வைக்கும். பிறகு நேரில் போய்ப் பார்த்துச் சரிபார்ப்பார்கள். அதன் பிறகே பணம். 2004-க்குள் மூன்று கோடிக்கும் மேல் மரங்கள் நட்டிருந்தார்கள்.

அங்கேயும் வறட்சி உண்டு, ஆடு உண்டு. பிறகு ஏன் அங்கே இது நிலைத்தது? எனக்குத் தெரிந்த வரை காரணம் அந்த 4 சென்ட் மட்டும் அல்ல. எந்த மரம், எங்கே நடுவது என்று பெண்களே முடிவு செய்தார்கள். நிறையப் பேர் தங்கள் நிலத்திலேயே நட்டார்கள். மரத்தின் விறகும் பழமும் தழையும் அவர்களுக்கே. கன்று செத்தால் 4 சென்ட் போகும், அவ்வளவுதான். அடுப்பில் உலை வைப்பது அந்தப் பணத்தை நம்பி இல்லை. பீகாரில் நாள் கூலியே பிழைத்த கணக்கில் தொங்கியது. இரண்டும் பிழைத்த கன்றுக்குப் பணம்தான், ஆனால் தோற்றால் யார் எவ்வளவு இழக்கிறார் என்பது வேறு.

அரசாங்கமே கையெழுத்துப் போட்ட கதை

அதே கென்யாவில் அரசு நிறுவனங்களும் இப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. இந்த வருடம் இன்னது செய்வோம், வருட முடிவில் மதிப்பெண் போடுங்கள் என்று அரசுக்கு எழுதிக் கொடுப்பது. 1989-ல் ரயில்வேயோடும், 1990-ல் தானியக் கொள்முதல் வாரியத்தோடும் முதலில் செய்து பார்த்தார்கள். சரிப்படவில்லை. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்றைக் கவனியுங்கள். விலைவாசி ஏறினால், அரசு கொள்கையை மாற்றினால், நிறுவனத்தின் கையில் இல்லாத இப்படி ஏதாவது நடந்தால் என்ன செய்வது என்று ஒப்பந்தத்தில் எழுதவே இல்லை. அதனால் மதிப்பெண் நியாயமாக இல்லை.

2004-ல் 16 அரசு நிறுவனங்களோடு மறுபடி தொடங்கி, பிறகு அமைச்சகங்கள், உள்ளாட்சிகள் வரை கொண்டு போனார்கள். அப்போதும் ஒரு விமர்சனம் வந்தது. இலக்கை அந்தந்த அலுவலகமே பேசி முடிவு செய்வதால், எட்டுகிற உயரத்தில் இலக்கை வைத்துக்கொண்டு "மிக நன்று" வாங்கிவிடலாம் என்பதே அது. நூற்றுக்கு முப்பத்தைந்து பாஸ் என்று நாமே வைத்துக்கொண்டால் முப்பத்தாறு வாங்கி இனிப்பு கொடுக்கலாம் இல்லையா?

ரயில்வே நிர்வாகமே தன் கையில் இல்லாததற்கு மதிப்பெண் குறைக்காதே என்று கேட்கலாம் என்றால், இருபது பேர் உள்ள ஒரு மகளிர் குழு கேட்கக் கூடாதா?

நம் குழுவுக்கு வந்தால்

ஒரு ஊரில் நடந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். ஒரு குழு கன்று நட்டு வளர்க்கும் வேலையை எடுத்தது. ஒரு வருடம் கழித்து எண்ணி, பிழைத்ததற்கு மட்டும் பணம் என்று ஒப்பந்தம். கோடையில் போர் மோட்டார் ரிப்பேர். மூன்று வாரம் தண்ணீர் இல்லை. பாதிக்கு மேல் காய்ந்து போனது. எண்ண வந்தவர், "காகிதத்துல இருக்கிறபடிதான் நான் எழுத முடியும்மா" என்றார். காகிதத்தில் மோட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "நாங்க என்ன வேணும்னா சாகடிச்சோம்?" என்று அழுத அக்காவுக்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. கடைசியில் குழுச் சேமிப்பிலிருந்து எடுத்துக் கூலி பாக்கியைத் தீர்த்தார்கள். அந்தக் குழு அதற்குப் பிறகு எந்த வேலையும் எடுக்கவில்லை.

அவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது புரிவதற்காக நான் வைத்துக்கொண்ட கணக்கு, எந்தத் திட்டத்தின் விலையும் அல்ல.

ஆயிரம் கன்று. கன்றுக்கு ரூ.30. குழி, தண்ணீர், முள்வேலி, கூலி எல்லாம் சேர்த்துச் செலவு ரூ.18,000. இதைக் குழுவிலிருந்து நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு எடுக்கிறோம், பணம் ஒரு வருடம் கழித்துத்தான் வரும் என்றால் வட்டி மட்டும் ரூ.4,320. ஆகச் செலவு ரூ.22,320. தொள்ளாயிரம் கன்று பிழைத்தால் வருவது ரூ.27,000. மிச்சம் ரூ.4,680. நானூறுதான் பிழைத்தது என்றால் வருவது ரூ.12,000. கைநஷ்டம் ரூ.10,320.

இப்போது அதே முப்பது ரூபாயை இரண்டாகப் பிரிப்போம். நட்டதும் ரூ.15, வருடம் கழித்துப் பிழைத்ததற்கு ரூ.15. நட்டவுடன் ரூ.15,000 வந்துவிடும். கடன் வாங்க வேண்டியது ரூ.3,000-தான், வட்டி ரூ.720. ஆகச் செலவு ரூ.18,720. தொள்ளாயிரம் பிழைத்தால் மொத்த வரவு ரூ.28,500, மிச்சம் ரூ.9,780. நானூறு பிழைத்தால் வரவு ரூ.21,000, அப்போதும் மிச்சம் ரூ.2,280.

"முன்னாலயே பாதிப் பணம் குடுத்தா பொம்பளைங்க வேலை செய்ய மாட்டாங்க" என்று அதிகாரி யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் ரூ.7,500 கூடுதலாக வருகிறது. அதற்காகவே வேலை நடக்கும். கெட்ட வருடத்தில் சேமிப்பில் கை வைக்க வேண்டாம், அவ்வளவுதான் வித்தியாசம். திட்டத்துக்கும் அதுதான் நல்லது. ஒரு தடவை நஷ்டப்பட்ட குழு இரண்டாவது வருடம் கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற வராது.

எனவே காகிதம் வந்தால் முதலில் தமிழில் கேளுங்கள். கூட்டத்தில் ஒருவர் சத்தமாகப் படிக்கட்டும். எந்த மாதம் எண்ணுவார்கள் என்று பாருங்கள். மழை முடிந்ததும் எண்ணினால் எல்லாம் பச்சையாக இருக்கும், கோடை தாண்டிய பிறகு எண்ணினால்தான் பிழைத்தது தெரியும். எண்ணும் மாதம் காகிதத்தில் இல்லாவிட்டால் அவரவர் வசதிக்கு வருவார்கள். தண்ணீர் யார் பொறுப்பு, மோட்டார் கெட்டால் எத்தனை நாளில் சரி செய்ய வேண்டும் என்பதை எழுதச் சொல்லுங்கள். வெள்ளம், வறட்சி, புயல், தீ வந்தால் எண்ணிக்கையிலிருந்து கழிக்க வேண்டும் என்று ஒரு வரி வேண்டும். செத்த கன்றுக்கு மாற்றுக் கன்று நடலாமா, அதற்குக் கன்று யார் தருவது என்பதும் வேண்டும். இது இல்லாமல் போனால் ஆடியில் செத்த கன்று அடுத்த சித்திரை வரை செத்ததாகவே கணக்கில் நிற்கும். எந்த மரம் என்று கேளுங்கள். நம் மண்ணில் வராத கன்றைக் கொண்டு வந்து இறக்கிவிட்டு, ஏன் பிழைக்கவில்லை என்று நம்மைக் கேட்பார்கள். வளர்ந்த பிறகு புளியும் விறகும் யாருக்கு என்பதை மறக்காதீர்கள். கென்யாப் பெண்களுக்கு அதுதான் பெரிய கூலி.

எண்ணும் நாளில் குழுவிலிருந்து இரண்டு பேராவது கூடப் போக வேண்டும். கன்றுக்குப் பக்கத்துக் கல்லிலோ குச்சியிலோ பெயிண்டால் நம்பர் போட்டு வைத்தால் சண்டை வராது. எண்ணிய தாளில் அவரும் நம்மவரும் கையெழுத்துப் போட்டு, ஒரு நகல் நம் கையில் இருக்கட்டும். அன்றைக்கே தீர்மான நோட்டில் எழுதிவிடுங்கள்.

கென்யாவில் 2032-க்குள் 1,500 கோடி மரம் என்று அரசு இலக்கு வைத்திருக்கிறது. 2023 நவம்பர் 13 அன்று மரம் நடுவதற்காகவே நாடு முழுவதும் விடுமுறை விட்டார்கள், அன்றைய இலக்கு 10 கோடி கன்று. வங்காரி பிறந்த நாட்டிலேயே மறுபடியும் நட்டதைத்தான் எண்ணுகிறார்கள் என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

அடுத்த கூட்டத்துக்கு முன்னால் ஒரு வேலை. போன வருடம் உங்கள் ஊரில் எங்கே கன்று நட்டார்களோ அங்கே நாலு பேராகப் போய்வாருங்கள். நட்டது எத்தனை, நிற்பது எத்தனை, செத்தது எதனால் என்று ஒரு தாளில் மூன்று பத்தி போட்டு எழுதிக்கொள்ளுங்கள். தண்ணீர் இல்லாமல் செத்ததையும் ஆடு கடித்ததையும் தனித்தனியாக எண்ணுங்கள். அந்த வேலைக்குப் பில் எப்படிப் போட்டார்கள் என்று பஞ்சாயத்தில் கேட்டு அதையும் எழுதி, மாதக் கூட்டத்துக்கு வரும் பிரதிநிதியிடம் கூட்டமைப்புக்குக் கொடுத்தனுப்புங்கள்.